கோலத்தின் இலக்கணம் கண்டவர்

ஸ்ரீ சிட்டியைச் சூழ்ந்த ஊர்களில் விடியற்காலையில் வாசல்தோறும் ‘முக்கு’ இடுவர். நம் இல்லங்களில் அதனையே கோலம் என்கிறோம். வாசலில் மலர்ந்து மாலைக்குள் அழியும் அக்கோலத்திற்கும் இலக்கணம் உண்டு என நிறுவியவருள் ஒருவர் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி.

1932ஆம் ஆண்டு பிறந்த அவர், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கினார். பறவைகள், மாமல்லபுரச் சிற்பங்கள், சிந்துவெளி எழுத்துகள் என அவர் ஆராயாத துறை குறைவு. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி இனங்காணும் முறையையும் 1978இல் உடன் ஆய்வாளர்களுடன் வெளியிட்டார்.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது கோல ஆய்வே. பள்ளி செல்லாத பெண்களும் சிக்கலான கம்பிக்கோலங்களைப் பிழையின்றி இடுவது எவ்வாறு? கை செல்லும் வரிசையை அவர்கள் நினைவிற் கொள்கின்றனர் என்பதை அவர் கண்டார். சிறிய கோலம் பெரிய கோலமாக வளர்வதற்குரிய விதிகளை, துணைவியார் ராணி சிரோமணியுடனும் கமலா கிருதிவாசனுடனும் வகுத்து 1974இல் வெளியிட்டார். அடுப்படியோடு முடிந்ததாகக் கருதப்பட்ட பெண்களின் அறிவு, கணினி அறிவியல் இதழில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

வளர்ச்சிக்கு விதி எழுதும் முயற்சி அயல்நாட்டிலும் நிகழ்ந்தது. உயிரியலறிஞர் லிண்டன்மாயர், பாசி வளரும் விதத்தை 1968இல் எழுத்துகளால் காட்டினார். ‘அ’ என்பது ‘அஆ’ ஆகும். ‘ஆ’ என்பது ‘அ’ ஆகும். எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் மாறுதல் வேண்டும். ஏட்டில் எழுதிப் பாருங்கள்: அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ. உயிரணுக்கள் 1, 2, 3, 5 எனப் பெருகுகின்றன! இத்தகைய விதிகளைக் கொண்டே கணினித் திரையில் செடிகள் கிளைத்துப் பூக்கின்றன. சிரோமணி இணையர் இவ்விதிகளை வரிசைகளும் நிரல்களும் கொண்ட பட வடிவங்களுக்கும் விரித்தனர்.

1988இல் சிரோமணி மறைந்தார். மறு ஆண்டு அவர் நினைவாக ஆய்வுத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. செடியை வளர்க்கும் அதே விதிகளால் கணினி கோலமிடுவதைக் காட்டும் கட்டுரையும் அதில் இருந்தது. அதனை எழுதியோருள் ஒருவர் கமலா கிருதிவாசன்.