மூன்றாம் வீர வல்லாளன்

மூன்றாம் வீர வல்லாளன் (ஆட்சிக்காலம்: 1292 – 1342) போசளப் பேரரசின் கடைசிப் பெருவேந்தர் ஆவார். தமிழ்நாட்டில் இவர் வல்லாள மகாராசா என அறியப்படுகிறார். 1311 இல் மாலிக் கபூரின் படையெடுப்புக்குப் பணிய நேர்ந்தது. பின்னர், தில்லிப் படைகளால் தலைநகர் துவாரசமுத்திரம் (இன்றைய ஹளேபீடு) அழிந்தபோது, திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக் கொண்டு ஆட்சியைத் தொடர்ந்தார்.

1342 இல், ஏறத்தாழ எண்பது வயதில், மதுரை சுல்தானகத்தின் வசமிருந்த கண்ணனூரை முற்றுகையிட்டார். அப்போரில் சிறைப்பிடிக்கப்பட்டு, மதுரையில் கொல்லப்பட்டார். இதனை அக்காலப் பயணியான இப்னு பதூதா பதிவு செய்துள்ளார்.

இவருக்குப்பின் இவருடைய மகன் நான்காம் வல்லாளன் அரசேற்றதை வரலாறு காட்டுகிறது. தலபுராணமோ இவரைப் பிள்ளைப்பேறு அற்றவராகவும், சிவபெருமானே இவருக்குக் குழந்தையாக வந்ததாகவும் கூறுகிறது. அதன்படி, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாபட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருள, மகன் செய்யவேண்டிய நீத்தார் கடன் மன்னருக்குச் செய்யப்படுகிறது. அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள கோபுரமும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.