பயமும் சிரிப்பும்: புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. பி.ஏ. முடித்து, சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தார். ‘மணிக்கொடி’யில் எழுதிப் பெயர் பெற்றார்.

மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்க நாலு பேர் வேப்பமரத்தடியில் ‘காஞ்சனை’ படித்தோம். நான்தான் சத்தமா வாசிச்சேன். பிச்சை கேட்டு வந்தவள் ஒரு எழுத்தாளர் வீட்டிலேயே வேலைக்குத் தங்கிவிடுகிறாள். ராத்திரியில் பிண வாடை அடிக்கிறது! அவள் யார்னு கடைசிவரை தெளிவா சொல்ல மாட்டார். பட்டப்பகல்லயே தண்ணித் தொட்டிக்குத் தனியா போக மாட்டேன்னு ஒருத்தி அடம்பிடித்தாள். (பெயர் சொன்னா அடிப்பா.)

மறுநாள் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பிராட்வே பக்கம் கடவுள் வந்து வழி கேட்கிறார். நம்ம ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் போய்விடலாம், அந்த பிராட்வேதான்! பிள்ளை கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்ட வைக்கிறார். கடவுளுக்கு ஆயுள் எத்தனை வருஷம்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சோம்.

இப்படிச் சிரிக்க வைத்தவர் வீட்டில் பணக்கஷ்டம். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கு. சினிமா வேலைக்குப் புனே போனவர் காசநோயோடுதான் திரும்பினார். 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42தான். மகள் தினகரி சின்னக் குழந்தை. இப்போ அந்த நோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாவே தர்றாங்க. அதை நினைச்சாதான் மனசு கேட்கலை.

அடுத்து ‘செவ்வாய் தோஷம்’ படிக்கப் போறோம். அதுவும் பயக் கதைதான். தண்ணித் தொட்டிக்காரியும் வர்றேன்னு சொல்லியிருக்கா.

– 9-ஆம் வகுப்பு மாணவி