சேப்பாக்கம் வாசலில் இருக்கும் எம்.ஏ.சிதம்பரம் யார்? கம்பெனிகள் ஸ்டேடியம் பெயரை வாங்கும் காலத்தில் ஒரு பழைய கதை

ஒரகடத்தில் 2010-ல் ரெனோவுடன் சேர்ந்து கார் ஆலை தொடங்கியது நிசான். அதே நிசானின் பெயர்தான், 2002 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டி நடந்த ஜப்பானின் யோகோஹாமா மைதானத்துக்கு 2005-ல் வைக்கப்பட்டது. ஒரகடத்திலேயே பாரத்பென்ஸ் லாரி தயாராகிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் மெர்சிடீஸ்-பென்ஸ் பெயரில் ஒரு ஸ்டேடியம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. அதன் சகோதர நிறுவனமான கியாவின் பெயர் லண்டன் ஓவல் மைதானத்தோடு ஒட்டிக்கொண்டது.

இதுக்குப் பெயர் நேமிங் ரைட்ஸ். அதாவது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பணம் கொடுத்து மைதானத்தின் பெயரை வாங்கிக்கொள்வது.

ஆனா இந்த ஆலைகளில் ஷிஃப்ட் முடிச்சிட்டு ஃப்ரெண்ட்ஸோட கிளம்பிப் போய் மேட்ச் பார்க்கிற சேப்பாக்கத்தின் வாசலில் எந்த கம்பெனி பெயரும் இல்லை. எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம்னு எழுதியிருக்கு. யார் இவர்?

முன்னாள் நிதியமைச்சர் இல்லை!

பலரும் ப.சிதம்பரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இவர் வேறு. ப.சிதம்பரத்துக்கு இவர் தாய்மாமன்.

1918 அக்டோபர் 12-ல் பிறந்தவர் எம்.ஏ.சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் கடைசி மகன். மூத்த அண்ணன் முத்தையா செட்டியார் சென்னையின் மேயராக இருந்தவர். வங்கி, கல்வி, அரசியல்னு எல்லாத்திலும் கால் பதித்த குடும்பம். தம்பி தேர்ந்தெடுத்தது தொழிலையும் கிரிக்கெட்டையும்.

தொழிலில் அவருடைய பெரிய அடையாளம் ஸ்பிக். 1969-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம்தான் தூத்துக்குடியில் உர ஆலை அமைத்தது. ஸ்பிக் யூரியா மூட்டையைப் பார்க்காத விவசாயக் குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு.

டெஸ்ட் மேட்ச் போன இடம்

சேப்பாக்கம் மைதானம் 1916-லிருந்து இருக்கு. ஆரம்பத்தில் அது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். 1934-ல் இங்கே முதல் டெஸ்ட். 1952-ல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான்.

ஆனால் அந்த ஆண்டுக்குப் பிறகு சுமார் 14 ஆண்டுகள் சேப்பாக்கத்தில் டெஸ்ட்டே நடக்கலை. இன்று நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் அப்போதிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போட்டிகள் மாறின. 1956-ல் வினு மன்கட், பங்கஜ் ராய் ஜோடி முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அங்கேதான்.

இந்தக் காலத்தில்தான் எம்.ஏ.சி கிரிக்கெட் நிர்வாகத்தில் மேலே வருகிறார். 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அவர் பதவியில் இருந்தபோதுதான் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடரை இந்தியா முதல்முறையாக வென்றது. 1961-62 தொடரின் கடைசி வெற்றி சென்னையில் கிடைத்தது. அடுத்த சில வாரங்களிலேயே வெஸ்ட் இண்டீஸ் போன இந்திய அணி, 5 டெஸ்ட்டிலும் தோற்றுத் திரும்பியது. கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடியதும் அந்தப் பயணத்தில்தான்.

பிறகு நீண்ட காலம் வாரியத்தின் பொருளாளர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக 30 ஆண்டுகளுக்கு மேல். 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டோடு சேப்பாக்கத்துக்கு ஆட்டம் திரும்பியது. மரங்களும் புல்வெளியுமாக இருந்த கிளப் மைதானம் கான்கிரீட் கேலரிகளோடு ஸ்டேடியமாக மாறியது அவர் சங்கத்தை நடத்திய காலத்தில்தான். பொங்கல் டெஸ்ட் சென்னையின் திருவிழாக்களில் ஒன்றாச்சு.

அந்த உழைப்புக்காகத்தான் ஸ்டேடியத்துக்கு அவர் பெயர். இத்தனை ஆண்டுக்கு இத்தனை கோடி என்று போட்ட ஒப்பந்தம் இல்லை. இதுல கவனிக்க வேண்டியது, அவரே பெரிய தொழிலதிபர். ஆனாலும் வாசலில் வந்தது அவர் பெயர். ஸ்பிக் பெயர் இல்லை.

2000 ஜனவரி 19-ல் எம்.ஏ.சி காலமானார். அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர் அவருடைய மகன் ஏ.சி.முத்தையா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியை 1985-ல் தொடங்கியவரும் இவர்தான்.

பணம் கொடுத்த பெயர்கள் என்ன ஆச்சு?

புனேயில் 2012-ல் திறந்த கிரிக்கெட் மைதானத்துக்கு சுப்ரதா ராய் சஹாரா ஸ்டேடியம் என்று பெயர். 200 கோடி ரூபாய்க்கு மேலான ஒப்பந்தம். பேசிய பணம் முழுசா வரலைன்னு 2013-ல் மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கம் பெயரை மறைத்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து கிளப், 2011-ல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற நூற்றாண்டு பழைய பெயரை ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று மாற்றியது. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு வோங்கா என்ற கடன் நிறுவனம் உரிமையை வாங்கி, பழைய பெயரையே திருப்பி வைத்தது.

எதிர்ப்பு எப்பவும் போராட்டமா வரணும்னு இல்லை. லண்டன் ஓவலுக்கு முன்னால் ஸ்பான்சர் பெயர் பலமுறை மாறிவிட்டது. ரசிகர்கள் வெறும் ஓவல் என்றே சொல்கிறார்கள்.

சென்னையிலும் அதே கதைதான்

உண்மையைச் சொன்னா, நம்ம ஊர்லயும் யாரும் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியத்துக்குப் போறேன்னு சொல்றதில்லை. சேப்பாக்கம்தான். ஒப்பந்தம் இல்லாமல் உழைப்பால் வந்த பெயருக்கே இந்த நிலை. இதில் ரசிகர்களுக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு முதல் மேட்ச் பார்க்கப் போனபோது கேட்ட பெயர் அதுதான், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. ஒப்பந்தத்தில் வந்த பெயர், காலம் முடிந்தாலோ பணம் நின்றாலோ போய்விடும். எம்.ஏ.சி மறைந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் சேப்பாக்கத்தின் வாசலில் அவர் பெயர் இருக்கு. அடுத்த முறை மேட்ச்சுக்குப் போகும்போது நிமிர்ந்து பாருங்க. யார்னு பக்கத்துல இருப்பவர் கேட்டா, இனி உங்களுக்குப் பதில் தெரியும்.