தாய்க்கு அளித்த வாக்கும் இலண்டன் முதல் நாட்களும்

கடல் கடந்து சென்று கல்வி கற்கும் பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்று பெருகி வருகின்றனர். வழியனுப்பும் தாய்மாரின் உள்ளத்தை வாட்டும் கவலை ஒன்றே. அந்நாட்டில் பிள்ளை எதை உண்பான், குலநெறியை எவ்வாறு காப்பான் என்பதே அது. நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் அண்ணல் காந்தியடிகளின் வரலாற்றைப் பலமுறை நடத்தியிருக்கிறோம். உப்புச் சத்தியாக்கிரகத்தை விரிவாகக் கூறிய நாம், அவர் பத்தொன்பது வயதும் நிரம்பாத மாணவராய் இலண்டனில் கழித்த முதல் நாட்களை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டோம். அக்குறையை இங்கே நீக்க விழைகிறோம்.

காந்தியடிகள் 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். இளமையில் தீய நட்பினால் பெற்றோர் அறியாமல் சிலமுறை புலால் உண்டு, பின்னர் அப்பொய்ம்மைக்கு நாணி அதனைக் கைவிட்டவர். பவநகர்க் கல்லூரிப் படிப்பு மனத்திற்கு ஒவ்வாததால், இங்கிலாந்து சென்று சட்டம் பயிலலாம் எனக் குடும்ப நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். தாயார் புத்லிபாய் அஞ்சினார். அங்குச் செல்லும் இளைஞர் புலாலும் மதுவும் பழகிக் கெடுவர் என அவர் கேள்விப்பட்டிருந்தார். அவ்வேளையில் துணை நின்றவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். மோத் வணிகர் குலத்தில் தோன்றித் துறவு பூண்ட அப்பெரியார் முன்னிலையில், மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டேன் என மகன் சூளுரைத்தார். அதன் பின்னரே தாய் விடை கொடுத்தார்.

பம்பாயில் இருந்த அவருடைய சாதியார் கடற்பயணத்தை எதிர்த்துச் சாதி விலக்கம் செய்தனர். அதற்கும் அஞ்சாமல், இளம் மனைவி கஸ்தூரிபாயையும் கைக்குழந்தையையும் பிரிந்து, 1888 செப்டம்பர் 4ஆம் நாள் கப்பலேறினார். முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் புலால் கலந்துள்ளது எனக் கேட்கவும் கூச்சம். ஆதலால் உணவுக்கூடத்திற்குச் செல்லாமல், வீட்டிலிருந்து கொணர்ந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டார். குளிர்நாட்டில் புலாலின்றி வாழவியலாது எனப் பயணி ஒருவர் கூறியும் அவர் அசையவில்லை.

செப்டம்பர் இறுதியில் கரையிறங்கும்போது வெண்ணிறக் கம்பளி உடை அணிந்திருந்தார். அத்தகைய உடையில் வேறெவரும் இல்லாமை கண்டு நாணினார். மாற்றுடை இருந்த பெட்டிகள் உடன் வரவில்லை. மறுநாள் ஞாயிறு ஆதலால் அவை கிடைக்கவும் வழியில்லை. அன்றிரவு விடுதிக்கு வந்த டாக்டர் பிராணஜீவன மேத்தாவின் பட்டுத் தொப்பியை ஆவலோடு தடவிப் பார்க்க, அதன் மென்மயிர் கலைந்தது. பிறர் பொருளைத் தொடலாகாது என்பது முதலாக அந்நாட்டு ஒழுக்கங்களை மேத்தா அன்புடன் கற்பித்தார்.

பின்னர் ரிச்மண்டில் ஒரு நண்பருடன் தங்கினார். இரவுதோறும் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகியது. அத்துயரைப் பகிர்ந்துகொள்ள எவருமில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பியது. பகலிலும் இரவிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகுமே உணவு. இரண்டு மூன்று துண்டுகளுக்குமேல் கேட்க நாணிப் பசியோடு எழுந்தார். எழுத்தறியாத தாய்க்கு, இந்நாட்டு நிலை அறியாமல் அளித்த வாக்கு செல்லாது என வாதிட்ட நண்பர், பெந்தாம் என்னும் அறிஞரின் நூலையும் படித்துக் காட்டினார். அந்நூல் தமக்கு விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட காந்தியடிகள், வாக்கை மட்டும் மீறவியலாது எனப் பணிவுடன் மறுத்துவிட்டார். மறுமொழி கூறும் வாதத்திறன் அன்று அவரிடம் இல்லை. உறுதி மட்டுமே இருந்தது.

மேற்குக் கென்சிங்டனுக்குக் குடிபெயர்ந்தபின் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடினார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்றைக் கண்டார். ஹென்றி சால்ட் எழுதிய புலால் மறுத்தல் பற்றிய நூலை அங்கேயே ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிய பின்னர், இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். அதுவரை வாக்கிற்காகக் காத்த நெறியை, அந்நூலைக் கற்றபின் தம் அறிவாலும் ஏற்றார். நாளடைவில் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார்.

1888 நவம்பரில் இன்னர் டெம்பிள் சட்டக்கழகத்தில் சேர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை இலத்தீன் பாடத்தில் தவறினார். மீண்டும் முயன்று 1890இல் வென்றார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டராகி, ஒரு நாள் இடைவெளியில் தாயகம் நோக்கிக் கப்பலேறினார்.

பம்பாயில் இறங்கியதும் பேரிடி காத்திருந்தது. அன்னையார் முன்னரே மறைந்துவிட்டார். அயல்நாட்டில் மகன் தனியே வருந்தலாகாது என அண்ணன் அச்செய்தியை மறைத்திருந்தார். காத்த வாக்கைக் கேட்டு மகிழத் தாய் இல்லை. ஆயினும் அந்நாட்களிலேயே டாக்டர் மேத்தாவின் இல்லத்தில் சமணப் பேரறிஞர் ராய்ச்சந்த்பாயைச் சந்தித்தார். மேத்தாவின் தமையன் ஒருவருக்கு மருமகனான அவர், பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளுக்குச் சமய ஐயங்கள் எழுந்தபோது மடல் வழியே தெளிவு தந்தார்.

தாய்மார்களே, பிள்ளையின் பெட்டியில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வையுங்கள். அதற்கு முன்னர் நம் நெறியின் காரணத்தையும் அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். அயலூரில் அவனிடம் வினவுவோர் பலர் இருப்பர். கூச்சத்தால் பசித்திருக்கலாகாது, வேண்டியதைத் தயங்காமல் கேட்கவேண்டும் என்பதையும் கற்பியுங்கள்.

அறம் வளர்க!