தலைப்பாகையைக் கட்டச் சொன்ன சட்டத்தரணி

எங்கள் வில்கமுவையில் வழக்கு என்ற பேச்சு எழுந்தால், சட்டம் என்ன சொல்கிறது என்று எவரும் முதலில் கேட்பதில்லை. பஸ் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் கூலி போகும், சட்டத்தரணிக்கு என்ன கொடுப்பது என்பவையே முதற் கேள்விகள். வயலை நம்பி வாழும் ஊர் இது. நியாயம் தம் பக்கம் இருந்தும், கணக்குப் பார்த்துவிட்டு மௌனமாகிவிடுபவர்கள் இங்கு மட்டுமல்ல, எங்கும் உண்டு. அதனாலேயே காந்தியடிகளின் வாழ்க்கையை வாசித்தபோது, உப்புச் சத்தியாக்கிரகத்தைவிட, டர்பன் நகரில் அவர் கையாண்ட சிறிய வழக்கொன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். 1888இல் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1891இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். பம்பாயில் அவருக்குக் கிடைத்த முதல் வழக்கிலேயே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்கு நா எழவில்லை. கட்டணமாக வாங்கிய 30 ரூபாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில் பேரரசையே எதிர்த்து நின்றவர், அன்று ஒரு சிறு நீதிமன்றத்தில் பேச முடியாமல் நின்ற இளைஞர்.

அவருக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு முஸ்லிம் வணிகர். தென்னாபிரிக்காவில் பெரும் வியாபாரம் நடத்திய தாதா அப்துல்லாவின் நிறுவனம், தன் வழக்கொன்றில் உதவுவதற்காக ஓராண்டுக்கு 105 பவுண் சம்பளத்தில் அவரை அழைத்தது. 1893 மே மாதத்தில் அவர் டர்பனில் இறங்கினார். சில நாட்களிலேயே அங்குள்ள நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதவான் பணித்தார். காந்தியடிகள் மறுத்து வெளியேறினார். தாதா அப்துல்லாவின் வழக்கை, இரு தரப்பாரும் ஏற்ற மத்தியஸ்தத்தின் மூலம் முடித்துவைத்தார். தோற்றவர் ஒரேயடியாகப் பணம் செலுத்தி அழிந்துபோகாமல், தவணை முறையில் செலுத்துவதற்கும் ஒழுங்கு செய்தார். பகைவரைச் சேர்த்துவைப்பதே சட்டத்தரணியின் உண்மைப் பணி என்ற எண்ணம் அன்றுதான் அவரிடம் வேரூன்றியது.

1894இல் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. பொதுப்பணிக்குச் சம்பளம் வாங்க அவர் இணங்கவில்லை. ஆனால் வெறுங்கையுடன் டர்பனில் குடும்பம் நடத்த இயலாது. அப்போது ஏறக்குறைய இருபது வணிகர்கள் தங்கள் தொழில் சம்பந்தமான சட்ட வேலைகளை அவரிடம் ஒப்படைத்து, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்தனர். இந்த ஏற்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். இலவசம் என்று நாம் சொல்லும் எந்த உதவிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருப்பார். வசதியுள்ளவர்கள் கொடுத்த கட்டணத்தினால்தான் வசதியற்றவர்களுக்காக அச்சட்டத்தரணியால் நேரம் ஒதுக்க முடிந்தது.

அவர் தொழில் ஆரம்பித்து மூன்று நான்கு மாதங்கள் கூட ஆகவில்லை. ஒருநாள் அவரது அலுவலகத்துக்குள் ஒரு தமிழர் நடுங்கியபடி நுழைந்தார். உடைகள் கிழிந்திருந்தன. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். டர்பனில் பெயர்பெற்ற ஒரு ஐரோப்பியரிடம் வேலை செய்த ஒப்பந்தக் கூலி அவர். எசமான் அடித்த அடி அது. காந்தியடிகளின் எழுதுவினைஞரும் தமிழர் என்பதால், நடந்ததெல்லாம் தெளிவாயிற்று.

ஒப்பந்தக் கூலிகளின் நிலையை இங்கே சொல்ல வேண்டும். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சாதாரண வேலையாள் சொல்லாமல் விலகினால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி விலகினால் அது குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை. எனவே அடித்த எசமானுக்குத் தண்டனை கிடைத்தாலும், அடிபட்டவர் அதே வீட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

காந்தியடிகள் முதலில் பாலசுந்தரத்தை ஒரு வைத்தியரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் பெற்றார். பின் நேரே நீதவானிடம் அழைத்துச் சென்றார். நீதவான் எசமானுக்கு அழைப்பாணை பிறப்பித்தார். வேறொருவராயின் எசமானுக்குக் கடுந்தண்டனை வாங்கிக் கொடுத்துப் பெயர் தேடியிருக்கலாம். பாலசுந்தரத்துக்குத் தேவை எது என்பதையே காந்தியடிகள் யோசித்தார். அந்த வீட்டிலிருந்து விடுதலைதான் தேவை. ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்ற எசமானைச் சம்மதிக்கச் செய்தார். புதிய எசமான் ஒருவரையும் தாமே தேடிக் கண்டுபிடித்தார்.

இன்னொன்றும் செய்தார். ஐரோப்பியரின் முன் செல்லும் கூலிகள் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அக்கால வழக்கம். காந்தியடிகள் முன்னும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார். அதைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிய அம்மனிதரின் முகத்தில் மலர்ச்சி தெரிந்தது. எமது சமூகத்தாருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1905இல் கொழும்பில் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை எழுந்தபோது, இலங்கை முஸ்லிம்கள் மருதானைப் பள்ளிவாசலில் திரண்டு குரல் எழுப்பியதை நாம் மறக்கவில்லை.

பாலசுந்தரத்தின் செய்தி தோட்டந்தோறும் பரவியது. ஒப்பந்தக் கூலிகள் அவர் அலுவலகத்துக்குத் தொடர்ந்து வரத் தொடங்கினர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோர்மீது நேட்டால் அரசு விதித்த ஆண்டுக்கு 3 பவுண் வரியை எதிர்த்த நீண்ட போராட்டத்துக்கு இத்தொடர்பே அடித்தளமாயிற்று. அந்த வரி 1914இல் நீங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில், அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் உயிர் நீத்தார். நம்மில் பலரின் வயதுதான் அவருக்கு.

காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டி உட்படப் பல இடங்களில் பேசினார். 1948 ஜனவரி 30ஆம் திகதி டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகம் அவரை மகாத்மா என்று நினைவுகூருகிறது. என் நினைவில் நிற்பவரோ, காயத்துக்கு மருந்து, வழக்குக்குச் சான்றிதழ், தங்குவதற்கு வேறிடம் என்று ஒவ்வொன்றாக யோசித்த அந்த 25 வயதுச் சட்டத்தரணி.

இன்று எமது நாட்டில் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, குறைந்த வருமானமுடையோருக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை வழங்குகிறது; நீதிமன்றத்திலும் அவர்களுக்காகத் தோன்றுகிறது. பிள்ளைகளுடன் கைவிடப்பட்ட ஒரு தாய் தாபரிப்புக் கேட்கவும், ஒரு விவசாயி தன் காணி அனுமதிப்பத்திரம் பற்றி அறியவும் அங்கே செல்லலாம். பெற்றோர்கள் இச்செய்தியை அயலவர்க்குச் சொன்னாலே பெரும் உதவியாகும். சட்டக் கல்லூரியை நாடவிருக்கும் எம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாளை கட்டணம் செலுத்த இயலாத ஒருவர் உங்கள் முன் வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். அதன்பின், அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று அவரிடமே கேளுங்கள்.