நாடோடி இசைவாணர் ஜாங்கோவும் அவர் மீட்டிய கிதார்களும்

இசைவாணர் ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுவோர், அவருடைய குரு யார், பாடாந்தரம் எது, பெற்ற பட்டங்கள் எவை என்ற வரிசையிலே எழுதுவது வழக்கம். ஐரோப்பாவில் ஜாஸ் சங்கீதத்தை வளர்த்தவர்களுள் தலைசிறந்தவராகிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது. பள்ளிப் படிப்பு என்பதை அவர் அறியார். எழுத்தறிவு நெடுங்காலம் அவருக்கு இல்லை. ஸ்வரக்குறிப்பை வாசிக்கக் கற்காமலே பெரும்புகழ் எய்தினார். அவருக்கு இருந்த செல்வம் காதும் கையும் கிதாருமே. அந்தக் கையிலும் ஒரு பகுதியைத் தீ கொண்டுபோயிற்று. ஆதலின், அவர் கையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த வாத்தியங்களை வரிசையாக வைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்வதே பொருத்தமென எண்ணி இதனை வரையலானேன்.

ஜாங்கோ 1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், பெல்ஜியம் நாட்டு லிபெர்ஷி என்னும் சிற்றூரில் முகாமிட்டிருந்த ஒரு கூண்டுவண்டியில் பிறந்தார். இட்ட பெயர் ஜான். ஜாங்கோ என்பது அவர்கள் குலத்தார் மொழியில் வழங்கிய செல்லப்பெயர்; விழித்தெழுகிறேன் என்பது அதன் பொருள் என்பர். அவர் குலம் ரோமா மக்களுள் ஒரு பிரிவாகிய மனூஷ் குலம். ஊர் ஊராக வண்டியில் சென்று, குதிரை வியாபாரமும் கூடை முடைதலும் இசையும் கொண்டு பிழைத்தவர்கள் அவர்கள்.

இந்த மக்களுக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டவர்கள் என்பது மொழியாராய்ச்சியாலும், அதன்பின் வந்த மரபணு ஆராய்ச்சியாலும் தெளிவாகியிருக்கிறது. இன்றும் ரோமா மொழியில் நீருக்குப் பானி என்றே பெயர். காதுக்குக் கான், மூக்குக்கு நாக். நம் காலனிப் பிள்ளைகள் கடைத்தெருவில் கற்று வரும் சொற்களை, பாரிஸ் நகர எல்லையில் முகாமிட்டிருந்த ஒரு குடும்பமும் வீட்டு மொழியாக வைத்திருந்தது. நாடு போயிற்று, வழி மறந்தது. நாவில் மட்டும் சில சொற்கள் நின்றன. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதன் அருமை தெரியாமற் போகாது.

ஜாங்கோ முதலில் தொட்டது வயலின். பன்னிரண்டு வயதளவில் அண்டையார் ஒருவர் அவருக்கு ஒரு பாஞ்சோ-கிதாரைக் கொடுத்தார். அதன் கழுத்து கிதார். உடலோ தோல் போர்த்த பாஞ்சோ. தந்தி ஆறு. பெரியவர்கள் வாசிக்கும்பொழுது விரல்களைக் கவனித்துக் கவனித்தே பையன் அதனைக் கற்றுக்கொண்டான். சில ஆண்டுகளிலேயே பாரிஸ் நடனசாலைகளில் அக்கார்டியன் வித்துவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் கூலி பெறலானான். 1928ஆம் ஆண்டு முதன்முதலாக அவர் வாசிப்பு இசைத்தட்டில் பதிவாயிற்று. தட்டின் மீது அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல அவருக்குத் தெரியாதபோது, கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதில் வியப்பில்லை.

அவ்வாண்டே பெரிய வாய்ப்பொன்றும் வந்தது. இங்கிலாந்தின் புகழ்மிக்க வாத்தியக் குழுத் தலைவர் ஜாக் ஹில்டன், அந்தப் பதினெட்டு வயது இளைஞரைத் தம் குழுவில் சேர அழைத்தார். ஆனால், நவம்பர் 2ஆம் நாள் இரவு விதி வேறு வழியில் வந்தது. ஜாங்கோவின் இளம் மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாயிட் பூக்கள் வண்டி நிறையக் குவிந்திருந்தன. மெழுகுவர்த்தியின் சுடர் அவற்றின்மேல் விழுந்தது. செல்லுலாயிட் எவ்வளவு விரைவில் பற்றும் என்பது பழைய சினிமாச் சுருள்களைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். கணப்பொழுதில் வண்டி முழுதும் தீயாயிற்று. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் வலது கால் வெந்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து சுருங்கின.

காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். அவர் இசையவில்லை. கால் பிழைத்தது, ஓராண்டுக்குள் கோலூன்றி நடக்கத் தொடங்கினார். விரல்கள் பிழைக்கவில்லை. கிதார் வாசிப்போர்க்கு இடது கைதான் ஸ்வரத்தைப் பிடிக்கும் கை. அதில் நான்கு விரல்களுள் இரண்டு பயனற்றுப் போயின என்றால், அந்த வாசிப்பு முடிந்தது என்று எவரும் சொல்லியிருப்பர்.

அந்நிலையில்தான் இரண்டாவது வாத்தியம் வந்தது. அவருடைய தம்பி ஜோசெஃப் ஒரு கிதாரைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். ஏறக்குறைய பதினெட்டு மாதம் நீடித்த அந்தச் சிகிச்சைக் காலத்தில் ஜாங்கோ தம் கையைத் தாமே புதிதாகக் கண்டுபிடித்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டினால் மட்டுமே தனி வாசிப்பு. சுருங்கிய விரல்கள் இரண்டும், பல ஸ்வரங்களை ஒருங்கே பிடிக்கும் இடங்களில், கீழ்த் தந்திகளின்மேல் சாய்ந்து உதவும் அளவே. நான்கு விரல் உடையவர் கை ஓரிடத்தில் நின்று குறுக்கே தந்தி தாவும். இரண்டு விரல் உடையவரோ தந்தியின் நெடுகிலும் மேலும் கீழும் ஓட வேண்டும். அந்த ஓட்டமே பிற்காலத்தில் அவருடைய பாணியாயிற்று.

நம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று. நம் வீணையில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே மெட்டுகளின்மேல் நெடுக ஓடுவதை வீட்டுக் கூடத்தில் நாம் பார்த்திருக்கிறோம். வீணைக்கு அது மரபு; ஜாங்கோவுக்கு அது கதியின்மை. எனினும் இரண்டு விரல்களுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இரண்டு வழியும் ஒன்றாகவே காட்டுகின்றன.

மூன்றாவது வாத்தியம் அவருடைய பெயரோடு என்றும் பிரியாதது. இத்தாலியரான மாரியோ மாக்கஃபெர்ரி கிதார் வித்துவான். வாத்தியம் செய்யும் தச்சுத்தொழிலும் கற்றவர். ஊதுகருவிகளுக்குப் பேர்போன பாரிஸ் செல்மர் நிறுவனத்துக்காக 1932ஆம் ஆண்டு அவர் புதுவகைக் கிதார் ஒன்றை வகுத்தார். எஃகுத் தந்தி, உயர் மெட்டுகளைக் கை எட்டும்படி ஒரு பக்கம் வெட்டப்பட்ட உடல், நடுவே அரைவட்டம் போன்ற பெரிய ஒலித்துளை. மின்சார ஒலிபெருக்கியின் துணையின்றியே கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கும் குரல் அதற்கு உண்டு. 1933இல் மாக்கஃபெர்ரி செல்மரை விட்டு விலகினார். அதே ஆண்டு நீச்சல் குளத்தில் நேர்ந்த விபத்தொன்றில் அவர் வலது கை ஊறுபட்டு, கச்சேரி வாழ்க்கையும் முடிந்தது. கை பழுதான ஒருவர் வகுத்த வாத்தியத்தைக் கை பழுதான மற்றொருவர் உலகப் புகழுக்கு உரியதாக்கினார். விலகியபின் செல்மர் அதன் வடிவைத் திருத்தியது. ஒலித்துளை சிறு முட்டை வடிவாயிற்று, தந்தியின் நீளம் கூடிற்று. 1952இல் உற்பத்தி நிற்கும்வரை செய்யப்பட்ட செல்மர் கிதார்கள் அனைத்தும் ஆயிரத்தை எட்டவில்லை.

1934இல் வயலின் வித்துவான் ஸ்தெஃபான் கிராப்பெல்லியுடன் ஜாங்கோ அமைத்த ஐவர் குழு, பிரான்ஸின் ஹாட் கிளப் என்னும் இரசிகர் சங்கத்தின் பெயரைத் தாங்கி அவ்வாண்டு டிசம்பரில் மேடையேறியது. ஒரு வயலின், மூன்று கிதார்கள், ஒரு பெரிய பாஸ். தம்பி ஜோசெஃப் தாளக் கிதார். ஜாஸ் என்றால் எக்காளமும் சாக்ஸபோனும் முரசும் என்றிருந்த காலத்தில், இவர்கள் தந்தி வாத்தியங்களைக்கொண்டே அதனைச் செய்தனர். முரசு இல்லாக் குறையைத் தாளக் கிதார்களின் வெட்டு நிரப்பியது. அமெரிக்காவில் பிறந்த ஒரு சங்கீதத்துக்கு ஐரோப்பா தன் சொந்தக் குரலைக் கொடுத்தது அப்பொழுதுதான். கிராப்பெல்லியே ஜாங்கோவுக்குக் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தார் என்பர்.

ஜாங்கோவைக் குறையற்றவராகக் காட்ட நான் முயலவில்லை. பணம் கையில் தங்காது, சூதாட்டம் இழுத்துக்கொள்ளும். கச்சேரிக்கு வராமலே போன இரவுகள் உண்டு. அவரை நம்பித் தேதி கொடுத்த கிராப்பெல்லி பட்ட பாடு சிறிதன்று. பிள்ளைகள் அவர் கையைப் பார்த்துக் கற்கலாம். கடிகாரத்தையும் பணப்பையையும் அவர் நடத்திய விதத்தைப் பார்த்துக் கற்க வேண்டா.

1939 செப்டம்பரில் போர் மூண்டபொழுது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். 1940 ஏப்ரலில் நாடோடிகள் ஊர் விட்டு ஊர் செல்லுதல் கூடாதென்று பிரெஞ்சு அரசு தடை விதித்தது. சில வாரங்களில் ஜெர்மானியர் படை வந்தது. ரோமா மக்கள் அடைப்பு முகாம்களில் தள்ளப்பட்டனர். ஐரோப்பா முழுதும் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஜாஸ் இழிந்த சங்கீதம் என்று நாஜிகள் பழித்தனர். அதே பாரிஸில், அதே ஆண்டுகளில், ஒரு ரோமா ஜாஸ் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார் என்பது நம்பற்கரியதே. அவர் 1940இல் பதிவு செய்த நுவாஜ், அதாவது மேகங்கள், என்னும் இசை பிரான்ஸ் மக்களின் நெஞ்சில் தங்கியது. எனினும் புகழ் எத்தனை நாள் காக்கும் என்று அவருக்குத் தெரியாது. 1943இல் ஸ்விட்சர்லாந்துக்குள் தப்பிச் செல்ல முயன்று பிடிபட்டார். ஜாஸ் விரும்பியான ஜெர்மானிய அதிகாரி ஒருவர் அவரை விட்டுவிட்டாராம். அவ்வாண்டே நாகின் என வழங்கிய சோஃபியை மணந்தார். 1944இல் மகன் பாபிக் பிறந்தான். 1940இல் செய்யப்பட்ட செல்மர் 503ஆம் எண் கிதார் அவருடைய நெடுநாள் துணையாயிற்று.

1946ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா அழைத்தது. ட்யூக் எலிங்டனுடைய பெருங்குழுவுடன் பல நகரங்களில் வாசிக்க வேண்டும். ஜாங்கோ கிதார் இல்லாமலே கப்பல்துறை கடந்தார் என்பர். அமெரிக்கக் கிதார் நிறுவனங்கள் தத்தம் வாத்தியத்தைத் தருவதற்குப் போட்டியிடும் என்று அவர் நினைத்திருந்தாராம். ஒருவரும் வரவில்லை. கடைசியில் கிப்ஸன் நிறுவனத்து மின்சாரக் கிதார் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசித்தார். தந்தியைச் சற்றுத் தொட்டாலே மண்டபம் முழுதும் ஒலிக்கும் அக்கருவி, வன்மையாகத் தெறித்துப் பழகிய கைக்குப் புதிது. நியூயார்க் கார்னகி மண்டபத்தில் இரண்டு இரவுகள். முதல் இரவு பாராட்டு. இரண்டாம் இரவோ, நண்பரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானுடன் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியாமல், நிகழ்ச்சி முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். பத்திரிகைகள் விடுமா? அமெரிக்காவில் அவர் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. 1947இன் தொடக்கத்தில் பிரான்ஸ் திரும்பினார்.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து வெறுங்கையோடு அவர் வரவில்லை. இளையோர் அப்போது வாசிக்கத் தொடங்கியிருந்த பீபாப் என்னும் புது நடையைக் காது கொடுத்துக் கேட்டார். தம் பழைய செல்மரிலேயே மின் ஒலிவாங்கியைப் பொருத்தி, நீண்டு நிற்கும் ஸ்வரமும் மெல்லிய மீட்டும் வரவழைத்துக்கொண்டார். நாற்பது வயதில், உலகமே ஏற்றுக்கொண்ட தம் நடையை மாற்றிக்கொள்ளத் துணிந்த வித்துவான்கள் எத்தனை பேர்? 1951இல் ஸீன் நதிக்கரையிலுள்ள ஸாமுவா என்னும் சிற்றூரில் குடியேறினார். மீன் பிடித்தார், ஓவியம் தீட்டினார், மனம் வந்தபொழுது பாரிஸ் சென்று வாசித்தார். 1953 ஏப்ரலில் அவர் செய்த கடைசிப் பதிவில் ஒலிப்பது மின்சாரக் கிதாரே.

1953 மே 16ஆம் நாள், பாரிஸிலிருந்து வந்து ஆவோன் ரயில் நிலையத்தில் இறங்கி வீடு திரும்பியவர், மூளையில் இரத்தம் கசிந்து மயங்கி விழுந்தார். மீளவில்லை. வயது 43.

இறந்தவருடைய உடைமைகளை எரித்துவிடுவது மனூஷ் குலத்தின் மரபு. இருந்தும் 503ஆம் எண் கிதார் எரியவில்லை. 1964இல் நாகின் அதனைப் பாரிஸ் இசைக்கல்லூரியின் வாத்தியக் காட்சிசாலைக்கு அளித்தார். இன்று அது அந்நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தீயில் விரலை இழந்த மனிதர் பிடித்த கிதார், மற்றொரு தீக்குத் தப்பி நிற்கிறது. கிராப்பெல்லி 1997வரை வாழ்ந்து, நம் தமிழகத்து வயலின் வித்துவான் எல். சுப்ரமணியத்துடனும் சேர்ந்து வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார்.

நம் வீடுகளில் பிள்ளைக்குச் சங்கீதம் தொடங்க வேண்டும் என்றால், நல்ல வாத்தியம் வாங்கப் பணம் சேரட்டும், ஊருக்குப் போய் நல்ல வாத்தியார் கிடைக்கட்டும், மாற்றல் உத்தரவு வராதிருக்கட்டும் என்று நாள் கடத்துகிறோம். ஜாங்கோவின் கையில் இருந்தவை அண்டைவீட்டார் தந்தது, தம்பி தந்தது, கேளாமல் கிடைக்குமென்று போய்க் கிடைக்காதது எனப் பலவகை. வாத்தியம் மாறிக்கொண்டே இருந்தது, விரல் இரண்டே. பரண்மேல் உறையிட்டுக் கிடக்கும் வயலினையோ வீணையையோ இந்த ஆண்டு கீழே இறக்கித் துடைத்துச் சுருதி கூட்டுவோமாக. பிள்ளைகளின் விரல்களுக்கு இதுவே தக்க காலம்.