ஓல்ட்ரெட் ஸ்கொட் வார்தின் (1866 – 1931)

மாணவர்களே, பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். புற்றுநோய் ஏற்படக்கூடிய தன்மையும் சில குடும்பங்களில் அவ்வாறு கடத்தப்படுகின்றது எனக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் வார்தின் ஆவார்.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த இவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் கற்பித்தார். 1895 இல் இவருக்கு அறிமுகமான தையற்காரப் பெண்ணொருவர் கவலையுடன் காணப்பட்டார். தமது உறவினர் பலர் குடல், கருப்பை முதலியவற்றின் புற்றுநோயால் இறந்ததால், தாமும் இளவயதில் அவ்வாறே இறக்க நேரிடும் என அவர் அஞ்சினார். வார்தின் அதனை வீண்பயமென ஒதுக்கவில்லை. அக்குடும்பத்தின் நோய் வரலாற்றைத் தலைமுறை வாரியாகத் திரட்டினார். அப்பெண்ணோ, அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். 1913 இல் வார்தின் தமது ஆய்வை வெளியிட்டார். எனினும் அது நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை.

பின்னர் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1971 இல் முடிவுகளை வெளியிட்டார். இந்நிலை இன்று அவர் பெயரால் லிஞ்ச் சிண்ட்ரோம் எனப்படுகின்றது. டி.என்.ஏ. பிரதியாகும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்த உதவும் பரம்பரையலகொன்றில் உள்ள விகாரமே அக்குடும்பத்தின் நோய்க்குக் காரணம் என்பது 2000 இல் அறியப்பட்டது. இன்று இத்தகைய குடும்பத்தினர் முன்கூட்டியே பரிசோதனை செய்து உயிரைக் காத்துக்கொள்ளலாம்.

நினைவிற் கொள்க: இங்கு கடத்தப்படுவது புற்றுநோயன்று, அது ஏற்படக்கூடிய தன்மையே.